மிரட்டினால் திருந்துவானா? பேசினால் கேட்பானா?

போதைப் பொருள் பற்றிய பாடமும் ஆசிரியரின் பேச்சும்

"கஞ்சா குடித்தால் செத்தே போவாய்!"

ஆசிரியர் ஓங்கிச் சொல்கிறார். மேஜையில் ஒரு தட்டுத் தட்டுகிறார். வகுப்பு கப்சிப் என்று இருக்கிறது. பாடம் பிரமாதமாக நடந்துவிட்டது என்று அவர் நினைக்கிறார்.

கடைசி பெஞ்சில் ஒரு பையன் இருக்கிறான். அவனுக்கு அடுத்த தெரு அண்ணன் ஒருவனைத் தெரியும். அந்த அண்ணன் இரண்டு வருஷமாகக் கஞ்சா குடிக்கிறான். அவன் சாகவில்லை. மோட்டார் சைக்கிளில் போகிறான், வருகிறான். சிரித்துப் பேசுகிறான்.

"ஸார் சொன்னது பொய்" என்று பையன் முடிவு கட்டிவிடுகிறான். அதற்குப் பிறகு அந்த ஆசிரியர் எந்த உண்மையைச் சொன்னாலும் அது அவன் காதில் ஏறாது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் எந்த ஊர் வகுப்பிலும் நடக்கக் கூடியது.

போதைப் பொருள் கெட்டது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பிள்ளைகளிடம் அதைச் சொல்ல வேண்டும். அதிலும் சந்தேகம் இல்லை. எப்படிச் சொல்வது? அங்கேதான் சங்கதி இருக்கிறது. சொல்லும் விதம் சரியாக இருந்தால் பிள்ளை தப்பிக்கிறான். விதம் தவறினால் சொல்லாமல் இருந்ததை விட மோசமாகவும் ஆகலாம்!

"இது என்ன வேடிக்கை?" என்று கேட்கிறீர்களா? மேலே படியுங்கள்.

மூன்று ஊர்கள்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று மூன்று ஊர்கள். மூன்றும் உழைப்பாளிகளின் ஊர்கள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் தோன்றியது. ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலை 1961-ல் வந்தது. பூந்தமல்லி, பெங்களூர் நெடுஞ்சாலையில் சென்னையின் வாசல் போல நிற்கிறது. வேலை தேடி வந்த குடும்பங்கள் இந்த ஊர்களில் ஏராளம். பல வீடுகளில் அப்பா ஒரு ஷிப்ட், அம்மா ஒரு ஷிப்ட். பள்ளி விட்டு வரும் பிள்ளை பூட்டிய கதவைத் திறந்துகொண்டு தனியாக உள்ளே போகிறான். சாயங்காலம் 4 மணி முதல் இரவு 8 மணி வரை அவனுக்குத் துணை யார்? தெருவும் கைபேசியும் சிநேகிதர்களும்தான்.

2022-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்டு தனிப் போலீஸ் கமிஷனர் அலுவலகம் ஏற்பட்டது. இந்த மூன்று ஊர்களும் அதன் எல்லைக்குள் வருகின்றன.

அதே ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி, 'போதைப் பொருள் இல்லாத தமிழ்நாடு' என்ற இயக்கத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கினார். அன்று மாநிலம் முழுவதும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் உறுதிமொழி எடுத்தார்கள். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் போதை எதிர்ப்பு மன்றங்கள் ஏற்பட்டன.

நல்ல ஏற்பாடு. உறுதிமொழி சொல்ல ஐந்து நிமிஷம் போதும். அதற்குப் பிறகு வகுப்பறையில் ஆசிரியர் என்ன பேசுகிறார்? எப்படிப் பேசுகிறார்? பிள்ளையின் மனத்தில் நிற்பது அதுதான்.

ராட்டர்டாம் சோதனை

மேல் நாட்டில் ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 1975-ல் வெளியாயிற்று. நடந்த இடம், ஹாலந்து நாட்டின் ராட்டர்டாம் துறைமுக நகரம். டி ஹேஸ், ஷூர்மன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைச் செய்தார்கள். 14 முதல் 16 வயது வரையிலான மாணவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இதில் சேர்க்கப்பட்டார்கள்.

வகுப்புகளை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள்.

முதல் பிரிவில் அச்சுறுத்தும் பாடம். "போதைப் பொருளைத் தொட்டால் தொலைந்தாய்" என்ற வகை.

இரண்டாவது பிரிவில் விவரம் சொல்லும் பாடம். இது இன்ன பொருள், இது உடம்பில் இன்ன செய்யும் என்று சொன்னார்கள். அதோடு சரி.

மூன்றாவது பிரிவில் ஆசிரியர் பிரசங்கமே செய்யவில்லை. மாணவர்களைப் பேச விட்டார். உங்கள் வயதில் என்ன கஷ்டம், எதற்குப் பயம், சிநேகிதர்கள் வற்புறுத்தினால் என்ன செய்வீர்கள் என்று பல வாரங்கள் கலந்து பேசினார்கள்.

நான்காவது பிரிவில் பாடமே இல்லை.

சில மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். புதிதாகப் போதைப் பொருளைத் தொட்டுப் பார்த்தவர்கள் எந்தப் பிரிவில் அதிகம்? அச்சுறுத்தப்பட்ட பிரிவில்! பாடமே நடக்காத பிரிவை விடச் சுமார் இரண்டு மடங்கு! விவரம் மட்டும் சொன்ன பிரிவிலும் கொஞ்சம் அதிகம்தான். கலந்து பேசிய பிரிவில்தான் மிகக் குறைவு.

ஏன் இப்படி?

அச்சுறுத்தும் பேச்சு இளம் வயதில் மூன்று விதமாக வேலை செய்கிறது.

ஒன்று, ஆசையைக் கிளப்பிவிடுகிறது. "இவ்வளவு பயப்படுத்துகிறாரே, அதில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று கேட்க வைக்கிறது.

இரண்டு, வீம்பு வருகிறது. பயந்தாங்கொள்ளி இல்லை என்று காட்டிக்கொள்ள 15 வயதுப் பையனுக்கு இதை விட வேறு வழி வேண்டுமா?

மூன்று, நம்பிக்கை போய்விடுகிறது. மிகைப்படுத்திச் சொன்ன ஒரு வார்த்தை பொய் என்று தெரிந்தால், உண்மையாகச் சொன்ன பத்து வார்த்தையும் அதோடு போய்விடுகிறது.

போலீஸ்காரர் நடத்திய பாடம்

அமெரிக்காவில் இன்னொரு கதை. 1983-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 'டேர்' என்ற திட்டம் தொடங்கியது. சீருடை அணிந்த போலீஸ் அதிகாரியே வகுப்புக்கு வந்து பாடம் நடத்துவார். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இது மிகவும் பிடித்துப் போயிற்று. நாடு முழுவதும் பரவியது. பணமும் ஏராளமாகச் செலவாயிற்று.

பலன் என்ன?

இந்தப் பாடம் கேட்ட பிள்ளைகளையும் கேட்காத பிள்ளைகளையும் பத்து வருஷம் கழித்துத் தேடிப் பிடித்து விசாரித்தார்கள். முடிவு 1999-ல் வெளியாயிற்று. இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் எதுவும் இல்லை! பத்து வருஷத்தில் பாடம் கரைந்து போயிருந்தது.

அந்தத் திட்டக்காரர்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. 2009-ல் பழைய பாடத்தை மாற்றினார்கள். போதைப் பொருள்களின் பட்டியலைக் குறைத்தார்கள். 'வேண்டாம்' என்று சொல்லப் பழக்கும் பயிற்சியை வைத்தார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

ஐ.நா. சொன்னது

ஐக்கிய நாடுகளின் போதைப் பொருள் தடுப்பு அலுவலகம் 2013-ல் ஒரு கையேடு வெளியிட்டது. 2018-ல் உலக சுகாதார நிறுவனத்துடன் சேர்ந்து அதைப் புதுப்பித்தது. உலகம் முழுவதும் நடந்த ஆராய்ச்சிகளைச் சலித்து எடுத்துச் சொன்ன புத்தகம் அது. பள்ளியில் எது பலன் தராது என்றும் அதில் ஒரு பட்டியல் உண்டு.

மாணவனை வாய் திறக்க விடாமல் ஆசிரியர் மட்டும் பேசும் பிரசங்கம் பலன் தராது.

விவரம் மட்டும் சொல்வது, முக்கியமாகப் பயமுறுத்திச் சொல்வது பலன் தராது.

முன்பு போதையில் கிடந்தவரை மேடை ஏற்றிக் கதை சொல்ல வைப்பது பலன் தராது.

போலீஸ்காரரை வைத்துப் பாடம் நடத்துவதும் பலன் தராது.

படிக்கிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். நம் பள்ளி விழாக்களில் நாம் அதிகமாகச் செய்வது இவற்றைத்தானே!

திருந்தியவர் வந்து பேசினால் நல்லதுதானே என்று தோன்றும். பையன் அதை எப்படிக் கேட்கிறான் என்று பாருங்கள். "இவர் பத்து வருஷம் குடித்தார். பிறகு விட்டுவிட்டார். இப்போது மேடையில் மாலை போடுகிறார்கள். நானும் கொஞ்ச நாள் குடித்துவிட்டு விட்டுவிடலாம்." இப்படி ஒருவன் நினைத்தாலும் நஷ்டம்தானே?

போலீசார் தேவையில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. பிறகு அதற்கு வருவோம்.

பேசும் வகுப்பு

அப்படியானால் எது பலன் தரும்?

அமெரிக்காவில் டோப்ளர் என்ற அம்மையார் 207 பள்ளித் திட்டங்களின் முடிவுகளைச் சேர்த்து ஆராய்ந்து 2000-ல் வெளியிட்டார். ஆசிரியர் பேச, பிள்ளைகள் கேட்கும் திட்டங்களில் பலன் மிகக் குறைவு. பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேசி, நடித்து, பழகிப் பார்க்கும் திட்டங்களில் பலன் அதிகம். இதுதான் அவர் கண்டது.

நியூயார்க் மாகாணத்தில் போட்வின் என்ற பேராசிரியர் 56 பள்ளிகளில் 'வாழ்க்கைத் திறன்' பாடம் நடத்திப் பார்த்தார். கோபம் வந்தால் எப்படி அடக்குவது? மனக் கஷ்டத்தை யாரிடம் சொல்வது? விளம்பரத்தைப் பார்த்து ஏமாறாமல் இருப்பது எப்படி? சிநேகிதன் வற்புறுத்தினால் எப்படி மறுப்பது? இவைதான் பாடம். ஆறு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் பலன் நின்றது. 1995-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆசிரியர் முக்கால் பாடத்தை விழுங்காமல் முறையாக நடத்திய இடங்களில்தான் பலன் அதிகம் என்பதையும் அதில் சொன்னார்கள்.

ஐ.நா. கையேடும் இதையே சொல்கிறது. வாரம் ஒரு வகுப்பு, மொத்தம் 10 முதல் 15 வகுப்பு, பயிற்சி பெற்ற ஆசிரியர். ஒரே நாளில் ஒரு கூட்டம் போட்டு, மைக் வைத்துப் பேசி முடித்துவிடும் காரியம் அல்ல இது.

"எல்லாருமே கெட்டுப் போயிட்டீங்க!"

ஆசிரியர்கள் ஆத்திரத்தில் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. "இந்தக் காலத்துப் பசங்க எல்லாருமே கெட்டுப் போயிட்டீங்க!"

இதைக் கேட்கும் நல்ல பையன் என்ன நினைப்பான்? "எல்லாரும் செய்கிறார்கள். நான்தான் செய்யாமல் இருக்கிறேன்" என்று நினைப்பான். ஊரோடு ஒத்து வாழ ஆசைப்படும் வயது அது. ஆசிரியரே அவனைத் தள்ளிவிட்ட மாதிரி ஆகிவிடும்.

உண்மைக் கணக்கு என்ன?

2019-ல் இந்தியா முழுவதும் 13 முதல் 15 வயது வரையிலான பள்ளிப் பிள்ளைகளிடம் புகையிலைப் பழக்கம் பற்றிக் கணக்கெடுத்தார்கள். ஏதாவது ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்துகிறவர்கள் 100-க்கு 8.5 பேர். அதாவது, 91 பேருக்கு மேல் தொடவில்லை!

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். "100 பிள்ளைகளில் 91 பேர் தொடுவதில்லை. நீ அந்த 91 பேரோடு இருக்கிறாய்" என்று சொல்லுங்கள். நல்ல பையனின் முதுகெலும்பு நிமிரும்.

அதே கணக்கில் இன்னொரு விவரமும் உண்டு. பீடியைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் 10 வயது நிரம்பும் முன்பே தொட்டவர்கள். மெல்லும் புகையிலையில் பாதிக்குச் சற்று அதிகம். ஆகையால் 'ஒன்பதாம் வகுப்பு வரட்டும், சொல்லலாம்' என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் வாசனைப் புகையிலைப் பொட்டலம் மாணவர்களிடம் பரவுவது பற்றி 2024 செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டின் மதுரைக் கிளையே கவலை தெரிவித்தது. சின்னப் பொட்டலம், புகை இல்லை, வாயைத் திறந்தாலும் லேசில் தெரியாது. பெற்றோர் கண்ணுக்குத் தப்பிவிடும் பொருள் அது.

தலை குனியும் பிள்ளை

வகுப்பில் ஆசிரியர் சொல்கிறார்: "குடிகாரன் வீடு உருப்படாது. குடிகாரன் பிள்ளையும் உருப்படாது."

மூன்றாவது வரிசையில் ஒரு சிறுமி தலை குனிகிறாள். அவள் அப்பா நேற்றும் குடித்துவிட்டு வந்தார்.

மத்திய அரசாங்கம் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையைக் கொண்டு நாடு முழுவதும் கணக்கெடுத்து 2019-ல் வெளியிட்டது. அதன்படி இந்தியாவில் ஆண்களில் 100-க்கு 27 பேர் மது அருந்துகிறார்கள். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் பத்துப் பேரின் அப்பாவாவது குடிப்பவராக இருப்பார் என்று இந்தச் சராசரியை வைத்துச் சொல்லலாம்.

அந்தப் பத்துப் பிள்ளைகளும் என்ன பாவம் செய்தார்கள்? வீட்டில் நிம்மதி இல்லாத பிள்ளைக்குத்தான் ஆசிரியரின் துணை அதிகம் தேவை. அவளைக் கூட்டத்தின் நடுவில் குத்திக் காட்டினால், அவள் காது மூடிவிடும். மனமும் மூடிவிடும்.

இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: "குடி ஒரு நோய் மாதிரி பிடித்துக்கொள்கிறது. அதற்கு வைத்தியம் இருக்கிறது. வீட்டில் யாருக்காவது அந்தக் கஷ்டம் இருந்தால் அது உங்கள் குற்றம் இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தால் என்னிடம் தனியாக வந்து சொல்லுங்கள்."

விஷயம் ஒன்றுதான். வார்த்தைதான் வேறு. தலை குனிந்த சிறுமி நிமிர்ந்து பார்ப்பாள்.

செய்முறை சொல்லாதீர்கள்

அதே கணக்கெடுப்பில் திடுக்கிட வைக்கும் ஒரு செய்தி உண்டு. மது, கஞ்சா எல்லாவற்றிலும் பெரியவர்கள்தான் அதிகம். ஒன்றில் மட்டும் பெரியவர்களை விடப் பிள்ளைகள் அதிகம். அது முகர்ந்து போதை ஏற்றிக்கொள்ளும் பொருள்கள். பெரியவர்களில் 100-க்கு 0.58 பேர். 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 1.17 பேர். இரண்டு மடங்கு! கடையில் சுலபமாகக் கிடைக்கும் சாமான்களே இதற்குக் காரணம்.

இங்கே ஆசிரியர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எந்தச் சாமான், அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று விளக்கமாகச் சொன்னால் அது தடுப்புப் பாடம் ஆகாது. செய்முறைப் பாடம் ஆகிவிடும்! வலி மாத்திரை விஷயமும் அப்படியே. பேரைச் சொல்லி, எத்தனை போட்டால் என்ன ஆகும் என்று விவரித்தால், தெரியாத பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

பொருளைப் பற்றிக் குறைவாகச் சொல்லுங்கள். பிள்ளையைப் பற்றி அதிகம் பேசுங்கள். "உன் மூளை இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. யோசித்து முடிவு எடுக்கும் பகுதிதான் கடைசியில் பக்குவம் அடைகிறது. வளரும் செடியின் வேரில் வெந்நீர் ஊற்றலாமா?" இந்தப் பேச்சில் பொய்யும் இல்லை, மிரட்டலும் இல்லை.

'வேண்டாம்' என்று சொல்வது லேசா?

"யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு." புத்திமதி சொல்வது சுலபம். விளையாட்டு மைதானத்தில் நான்கு சிநேகிதர்கள் சூழ நிற்கும்போது சொல்லிப் பாருங்கள். நாக்கு எழாது!

நீச்சல் பற்றிப் புத்தகத்தில் படித்தவன் கிணற்றில் குதித்தால் என்ன ஆகும்? தண்ணீரில் இறங்கிப் பழக வேண்டும். இதுவும் அப்படித்தான். வகுப்பிலேயே நடித்துப் பழக வேண்டும்.

முன்னே சொன்ன 'டேர்' திட்டத்தின் புதிய பாடத்தில் நான்கு வழிகள் உண்டு. மறுப்பது, காரணம் சொல்வது, தவிர்ப்பது, விலகிப் போவது. நம் பிள்ளைகளின் பேச்சில் அது இப்படி இருக்கலாம்.

மறுப்பது: "வேணாம்டா. எனக்கு வேணாம்."

காரணம் சொல்வது: "நாளைக்கு மேட்ச் இருக்குடா. மூச்சு வாங்கும். நான் வரல."

தவிர்ப்பது: அந்தக் கூட்டம் நிற்கும் சந்து வழியாகப் போகாமல் பெரிய தெரு வழியாக வீட்டுக்குப் போவது.

விலகிப் போவது: "அம்மா தேடும்டா, நான் கிளம்பறேன்" என்று சொல்லி நிற்காமல் நடப்பது.

இரண்டு இரண்டு பேராகப் பிள்ளைகளை நிறுத்துங்கள். ஒருவன் வற்புறுத்தும் வேஷம். மற்றவன் மறுக்கும் வேஷம். பிறகு வேஷம் மாற்றிக்கொள்ளட்டும். வகுப்பில் சிரிப்பு வரும். வரட்டும்! சிரித்துக்கொண்டே பத்துத் தடவை சொன்ன வார்த்தைதான் நிஜமான சமயத்தில் வாயில் வரும்.

பயம் வேண்டாமா?

"நாங்கள் எல்லாம் அடி வாங்கித்தான் படித்தோம். பயம் இருந்தால்தான் பிள்ளை ஒழுங்காக இருப்பான்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாசத்தால் சொல்கிறார்கள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆசிரியர் மேல் உள்ள பயம் ஆசிரியர் இருக்கும் இடத்தில் மட்டும்தான் வேலை செய்யும். சிநேகிதன் பொட்டலத்தை நீட்டுவது வகுப்பறையிலா? நாலரை மணிக்கு, ரெயில்வே கேட் பக்கத்தில், பெட்டிக் கடைக்குப் பின்னால். அங்கே ஆசிரியரும் இல்லை, பிரம்பும் இல்லை. பிள்ளையின் சொந்தப் புத்திதான் துணை. அந்தப் புத்தியை வளர்ப்பதுதான் பாடம்.

பயந்த பிள்ளை இன்னொன்றும் செய்வான். தவறு செய்துவிட்டால் மறைப்பான். முதல் நாள் தெரிந்திருந்தால் ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கலாம். ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால் வைத்தியரிடம் போக வேண்டும்.

ஒரு பையன் வந்து சொன்னால்?

நன்றாகப் பேசும் ஆசிரியருக்கு ஒரு நாள் ஒரு சோதனை வரும். ஒரு பையன் தயங்கித் தயங்கி வருவான். "ஸார், நான் ரெண்டு தடவ போட்டுட்டேன்" என்பான்.

அந்த ஒரு நிமிஷம் மிகவும் முக்கியம்.

"அடப் பாவி! உன் அப்பாவைக் கூப்பிடுகிறேன், டி.சி. கொடுக்கிறேன்" என்று கத்தினால் கதை முடிந்தது. அவன் மட்டும் அல்ல, அந்தப் பள்ளியில் இனி எந்தப் பிள்ளையும் யாரிடமும் சொல்ல மாட்டான். பள்ளியை விட்டு வெளியே போன பையனுக்குப் போக ஓரே இடம்தான் மிச்சம். பொட்டலம் கொடுத்தவனிடம்தான் போவான்!

"என்னிடம் சொன்னது நல்லதுடா தம்பி. உட்கார். எப்போ ஆரம்பிச்சது?" என்று கேட்டால் பாதி வைத்தியம் அங்கேயே ஆகிவிடும். பிறகு பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு உதவி தேடலாம். ரகசியம் காக்கிறேன் என்று பொய்ச் சத்தியம் செய்யக் கூடாது. "உன் உயிருக்கு ஆபத்து என்றால் பெரியவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும். உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்" என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

உதவிக்கு இடம் இருக்கிறது. போதை மீட்புக்கான தேசிய இலவசத் தொலைபேசி எண் 14446. ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு 1098. சென்னை இந்திரா நகரில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் 1980 முதல் இந்த வைத்தியத்தைச் செய்து வருகிறது. அதை நிறுவிய சாந்தி ரங்கநாதன் அம்மையாருக்கு 1992-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. குடியும் போதையும் வைத்தியத்துக்குரிய நோய் என்பதைத் தமிழ்நாட்டுக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர்.

போலீசாரின் வேலை

போலீசாருக்கு உள்ள வேலை வாசலுக்கு வெளியே இருக்கிறது.

பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைச் சாமான் விற்கக் கூடாது. 2003-ம் ஆண்டுச் சட்டம் இது. 18 வயது நிரம்பாத யாருக்கும் எங்கேயும் விற்கக் கூடாது.

பிள்ளைக்கு மதுவோ, போதைப் பொருளோ, புகையிலையோ கொடுப்பவனுக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இது. பிள்ளையை வைத்து விற்பவனுக்கும், கடத்துபவனுக்கும் அதே தண்டனை.

வகுப்பில் ஆசிரியர் எவ்வளவு அழகாகப் பேசினாலும், வாசலில் பொட்டலம் விற்றால் என்ன பிரயோஜனம்? விற்பனை பற்றிப் புகார் சொல்ல 10581 என்ற இலவச எண் உண்டு. சீருடைக்காரர் வகுப்புக்குள் வந்து ஒரு மணி நேரம் பேசுவதை விட, பெட்டிக் கடையைப் பத்து நிமிஷம் சோதித்தால் பிள்ளைகளுக்கு நன்மை அதிகம்.

ஆசிரியருக்கு நேரம் எங்கே?

நியாயமான கேள்வி. 'போர்ஷன்' முடிக்க வேண்டும். அரசாங்கத் தேர்வு வருகிறது. வகுப்பில் 50 பிள்ளைகள். ஒரு 'பீரியட்' முக்கால் மணி. இதில் நாடகம் போட நேரம் ஏது?

அரசாங்கம் சில ஏற்பாடுகள் செய்திருக்கிறது. 2020-ல் மத்திய அரசாங்கம் பள்ளி சுகாதாரத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன்படி ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். கூடியவரை ஓர் ஆண், ஒரு பெண். 11 தலைப்புகளில் வாரா வாரம் பிள்ளைகளோடு கலந்து பேச வேண்டும். போதைத் தடுப்பும் அதில் ஒரு தலைப்பு. 'நவசேத்னா' என்ற பெயரில் ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பாடங்களும் வந்திருக்கின்றன.

ஏட்டில் இருப்பது வகுப்புக்கு வர வேண்டும். பயிற்சி இல்லாமல், "நாளைக்குப் போதைப் பாடம் எடுங்கள்" என்று சொன்னால் ஆசிரியர் பாவம் என்ன செய்வார்? தனக்குத் தெரிந்தபடி மிரட்டுவார். குற்றம் அவருடையது அல்ல.

நேரமே இல்லை என்றாலும் ஒன்று செய்யலாம். பேசும் முறையை மாற்றிக்கொள்ள நேரம் தேவையில்லை. கணக்கு வாத்தியாரும் சரி, தமிழ் ஆசிரியையும் சரி, "உன் அபிப்பிராயம் என்னப்பா?" என்று வகுப்பில் கேட்கலாம். பிள்ளை சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் இருக்கலாம். தெரியாததைக் கேட்டால் "எனக்குத் தெரியாது, கேட்டு வந்து சொல்கிறேன்" என்று சொல்லலாம். இதற்கு எந்த உத்தரவும் வர வேண்டியதில்லை.

பெற்றோர் செய்ய வேண்டியது

அம்பத்தூரானாலும், ஆவடியானாலும், பூந்தமல்லியானாலும் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும். மார்க்கைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.

போதைத் தடுப்புப் பாடம் வருஷத்துக்கு ஒரு நாளா, வாரா வாரமா?

அந்தப் பாடத்தில் பிள்ளைகள் பேசுகிறார்களா, ஆசிரியர் மட்டும் பேசுகிறாரா?

ஒரு பிள்ளை தவறு செய்துவிட்டேன் என்று வந்து சொன்னால் பள்ளி என்ன செய்யும்?

வீட்டிலும் இதே முறைதான். இரவு ஷிப்ட் முடிந்து களைத்து வரும் அப்பாவுக்குக் கஷ்டம்தான். இருந்தாலும் சாப்பிடும்போது பத்து நிமிஷம் பிள்ளையோடு பேசுங்கள். "ஒழுங்கா படிச்சியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இன்னைக்கு யாரோட விளையாடின? என்ன பேசினீங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது கைபேசியைக் கீழே வையுங்கள்.

பொட்டலம் கொடுப்பவன் பிள்ளையிடம் எப்போதும் இனிமையாகத்தான் பேசுவான். "வாடா தம்பி, உட்கார், என்ன கஷ்டம் சொல்லு" என்பான். பிள்ளை காத்திருந்த வார்த்தை அது. அந்த வார்த்தையை அவன் சொல்லும் முன் ஆசிரியரும் அம்மா அப்பாவும் சொல்லிவிட வேண்டும்.